பழுதான மீட்டரை மாற்ற வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம்: தோட்டத்து வீட்டில் என்ன செய்யலாம்?

தங்கச்சி, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார். இஸ்தோப்புச் சுவரில் இருப்பது தட்டுச் சுற்றும் பழைய கறுப்பு மீட்டர். சித்திரை மாதத்து இடி மழைக்குப் பிறகு லைட் பில் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றால், "கேட்டால் ஸ்மார்ட் மீட்டரைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் கொழும்பில் இருந்தே கரண்ட்டை வெட்டுவார்கள்" என்று லயத்தில் பேச்சு. நீங்கள் தங்கியிருக்கும் நுகேகொடை போர்டிங்கிலும் அப்படி ஒரு மீட்டரைப் பார்த்திருக்கிறீர்கள். அம்மா பயந்துபோய், கூடின பில்லையே கட்டிக்கொண்டு வருகிறார். ஸ்மார்ட் மீட்டரை ஏற்காமல் பழுதான மீட்டரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கங்களில் 25 வருடத்துக்கு மேலாக ஒயரிங் வேலை செய்கிறவன். லயத்துக் காம்பராக்களிலும் புது வீட்டுத் திட்டங்களிலும் கடைகளிலும் நூற்றுக்கணக்கான மீட்டர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பயப்படாமல் கேளுங்கள். மீட்டர் பழுது என்றால் அதைச் சோதித்து மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எந்த மாதிரி மீட்டரைப் போடுவது என்பது மட்டும் முழுக்க உங்கள் கையில் இல்லை, ஏனென்றால் மீட்டர் கரண்ட் கொடுக்கிறவர்களின் சொத்து. ஆனால் நம் பக்கத்தில் சாதாரண ஒரு பேஸ் வீடுகளுக்குப் பழுது என்று மாற்றிக் கொடுத்தது, நான் நின்று பார்த்த இடங்களில் எல்லாம், தகவல் அனுப்பாத சாதாரண டிஜிட்டல் மீட்டர்தான். வராத ஒன்றுக்குப் பயந்து, பழுதான மீட்டரோடு காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் அம்மாவின் கொழுந்துக் காசு வீணாகப் போகிறது. அதுதான் எனக்கு மனவருத்தம்.

ஊரில் இரண்டு வேறு சாமான்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிக்குள் இலக்கம் ஒளிரும் மீட்டரைப் பார்த்தாலே "ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது" என்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஓடின யூனிட்டை எண்ணிக் காட்டும், அவ்வளவுதான். மாதாமாதம் ஒருவர் மலை ஏறி வந்து அதைப் பார்த்து எழுத வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் அந்த இலக்கத்தைத் தானாகவே ஒபிசுக்கு அனுப்பும். ஒரு நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை பதிந்து வைக்கும். அதில் பெரும்பாலானவற்றில், தூரத்தில் இருந்து கரண்ட்டை நிறுத்தவும் திருப்பிக் கொடுக்கவும் உள்ளேயே ஒரு சுவிட்சும் இருக்கும். முகப்பில் போனில் இருப்பது மாதிரி சிக்னல் கோடுகள், சிம் போடும் சின்ன மூடி, வெளியே நீட்டின அல்லது உள்ளே பதித்த ஆன்டெனா, தனியாகக் கழற்றிப் போடக்கூடிய ஒரு பகுதி: இதில் ஏதாவது இருந்தால் அது தகவல் அனுப்பும் மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அது யூனிட் எண்ணுகிற வெளிச்சம், எல்லா டிஜிட்டல் மீட்டரிலும் உண்டு.

நுகேகொடையில் நீங்கள் பார்த்தது வேறு கம்பனியின் ஏற்பாடு. அங்கே கரண்ட் கொடுப்பது 1983 இல் தொடங்கின லெக்கோ, அதாவது லங்கா மின்சாரக் கம்பனி. நீர்கொழும்பில் இருந்து காலி வரை கரையோர நகரங்கள் பலதில் அவர்கள்தான். ஸ்மார்ட் மீட்டரை வீடுகளுக்குப் பரவலாகப் போட்டதும் அவர்கள்தான். மலையகம் அவர்கள் எல்லைக்குள் வராது. நமக்கு 1969 இல் இருந்து மின்சார சபை. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை தொடங்கியது. பில்லின் தலைப்பில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் நீங்கள் போய் நிற்க வேண்டியது அதே மின் டிப்போவிலும் அதே பிரதேச மின் பொறியியலாளர் ஒபிசிலும்தான்.

சரி, மீட்டர் உண்மையிலேயே பழுதா? கடிதம் எழுத முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் மீட்டரில் குறையே இல்லை.

முதலில் இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தின வாசிப்பு, இந்த மாத வாசிப்பு, நாட்களின் எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கும். மழைக் காலத்தில் மீட்டர் பார்க்கிறவர் வர முடியாமல் ஒரு மாதம் சராசரி போட்டிருந்தால், அடுத்த மாதம் விடுபட்ட யூனிட்டும் சேர்ந்து வரும். அது மீட்டர் பிழை அல்ல. இன்னொன்று, வீட்டுப் பில்லில் 60 யூனிட் ஒரு வேலி மாதிரி. 30 நாளில் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை வரிசை. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு வரிசை. 58 யூனிட் எரித்த வீடு 66 எரித்தால் பில் எட்டு யூனிட்டுக்கு மட்டும் கூடாது, திடீரென்று பாயும். நாட்கள் கூடினால் அந்த வேலியும் அதே அளவுக்குத் தள்ளிப் போக வேண்டும்: 35 நாள் பில் என்றால் 60 அல்ல, 70. இதைச் சரியாகப் பிரித்திருக்கிறார்களா என்று கணக்குப் பாருங்கள். பில் இரண்டு மடங்கு என்பதும் யூனிட் இரண்டு மடங்கு என்பதும் ஒன்றல்ல. யூனிட்டைப் பாருங்கள், ரூபாவை அல்ல.

அடுத்தது மெயின் சுவிட்ச். பகலில் மெயினை அணைத்துவிட்டு, மீட்டர் தட்டில் இருக்கும் கறுப்புக் கோட்டைக் கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்குள் நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒன்று: மீட்டர் சும்மாவே ஓடுகிறது, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ வயர் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது யாரையும் கள்ளன் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். லயத்தில் கூரைக்கு அடியில் எல்லாக் காம்பராவுக்கும் ஒரே வெளி. பத்து இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கோ சாவு வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த வயர் அப்படியே மறந்துபோய்க் கிடக்கும். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் மெயினை அணைத்தேன், தட்டு நிற்கவில்லை. மீட்டரில் இருந்து வரும் வயரோடு கூரைக்குள் போய்ப் பார்த்தால் நடுவில் துணி சுற்றின ஒரு மூட்டு. மூன்றாம் காம்பராவின் பிரிட்ஜ் அந்த அம்மாவின் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்தவரும் வாங்கினவரும் இறந்துபோய், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு டிப்போவுக்குச் சொல்லிச் சரிசெய்தார்கள். அந்த அம்மா மீட்டரை மாற்றியிருந்தால் புது மீட்டரும் அதே பில்லைத்தான் காட்டியிருக்கும்.

மெயினை அணைத்ததும் தட்டு நின்றால், இப்போது மெயினைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றி, எல்லா லைட்டையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால் வீட்டு ஒயரிங்கில் கரண்ட் கசிகிறது. ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்தும் சுவிட்ச், இருக்கும் வீடு என்றால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். வீட்டுக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியருக்குள் விழும் வகை. அந்த அளவு கரண்ட் மாதம் முழுக்கப் பூமிக்குக் கசிந்தாலும் 5 யூனிட் அளவுதான் வரும். அதனால் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில், பூமிக்குப் போகும் கசிவால் பில் இரட்டிப்பாகாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய லயத்தில் கதை வேறு. மழை இறங்கி ஊறின சுவர், எலி கடித்த வயர் எல்லாம் யூனிட்டை விழுங்கும். அது பில்லை விட உயிருக்கு ஆபத்து. அப்படி இருந்தால் மீட்டர் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் ஒயரிங்கைச் செய்யுங்கள்.

இனிக் கேத்தல் சோதனை. கரண்ட் கேத்தலின் அடியில் எத்தனை வோட் என்று இருக்கும், 1,500 என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்குத் தட்டு எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கும், 600 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேத்தலை நிறையத் தண்ணீரோடு போட்டு, தட்டு 10 சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று போனில் நேரம் பிடியுங்கள். 1,500 வோட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அதாவது 900 சுற்று. அப்படியென்றால் 10 சுற்றுக்கு 40 விநாடி வர வேண்டும். டிஜிட்டல் மீட்டர் என்றால் தட்டுக்குப் பதில் வெளிச்சம் மின்னுவதை எண்ண வேண்டும், கணக்கு அதேதான். அயன் பெட்டியில் இதைச் செய்ய வேண்டாம், அது சூடானதும் தானாக நின்று நின்று எரியும்.

மலையில் இதிலே ஒரு சிக்கல் உண்டு. கேத்தலில் போட்டிருக்கும் வோட் 230 வோல்ட்டுக்கு. நமக்குத் தர வேண்டிய அளவு அதில் 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை. ஆனால் ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் லயத்துக்குச் சாயங்காலத்தில் 200 வோல்ட்தான் வரும். 200 வோல்ட்டில் அந்த 1,500 வோட் கேத்தல் 1,130 வோட் அளவுதான் இழுக்கும். 10 சுற்றுக்கு 53 விநாடி ஆகும். அதைப் பார்த்து மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முடிவு கட்டினால் தப்பு. காலை பத்து மணிக்குச் செய்யுங்கள், முடிந்தால் வோல்ட்டையும் அளந்து எழுதுங்கள். 40 விநாடி வர வேண்டிய இடத்தில் 37, 43 என்றால் விட்டுவிடுங்கள், கேத்தலின் அளவே அவ்வளவு திட்டமாக இருக்காது. 20, 25 விநாடியில் முடிந்தால் மீட்டர் ஓடுவது அளவுக்கு மீறி. மூன்று தரம் செய்து, மூன்றையும் வீடியோ எடுங்கள்.

இடி மழைக்குப் பிறகுதான் கூடியது என்று நீங்கள் எழுதியது முக்கியம். பழைய மீட்டரின் தட்டு அலுமினியம். வீட்டுக்குள் போகும் கரண்ட் அதைச் சுழற்றும், உள்ளே இருக்கும் நிரந்தரக் காந்தம் பிரேக் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சமமாக இருந்தால்தான் யூனிட் சரியாக வரும். பக்கத்தில் மின்னல் விழுந்து லைனில் பெரிய கரண்ட் பாய்ந்தால் அந்தக் காந்தம் பலம் குறைந்துவிடலாம். பிரேக் தளர்ந்த லொறி இறக்கத்தில் ஓடுவது மாதிரி அப்புறம் தட்டு வேகமாக ஓடும். வெறும் வயது போன மீட்டர் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும்: அச்சு தேய்ந்து, தூசி சேர்ந்து, மெதுவாக ஓடும். அதனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கின பிறகு பில் பாய்ந்தது என்று யாராவது சொன்னால் நான் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். மீட்டரில் போட்டிருக்கும் சீலைத் தொடக் கூடாது. மூடியைத் திறந்து பல்லி எடுக்கிறேன், பூச்சி எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் விடக் கூடாது. சீல் உடைந்திருந்தால் பழுதான மீட்டர் என்ற நியாயம் அங்கேயே முடிந்துபோய், கரண்ட் திருட்டு என்ற வழக்காகி, பொலிஸ், நீதிமன்றம் என்று போகும். மீட்டரில் கருகின வாடையோ உருகின அடையாளமோ இருந்தால் சோதனையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். உடனே 1987 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

சோதனையில் மீட்டர் பழுது என்று தெரிந்தால் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்று தரம் பஸ் ஏறிப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தது. நான்காவது தரம் போனபோது அங்கே ஒருவருக்கும் இவர்களை நினைவில்லை. அதன் பிறகு நான் யாருக்குச் சொன்னாலும் இரண்டு பிரதி எழுதச் சொல்வேன், ஒன்றில் முத்திரை வாங்கி வரச் சொல்வேன். தர மறுத்தால் பதிவுத் தபால். தமிழிலேயே எழுதுங்கள். அரச ஒபிசுக்குத் தமிழில் எழுதி, தமிழில் பதில் வாங்குவது நாட்டின் எந்த மூலையிலும் நமக்கு அரசியலமைப்புத் தந்த உரிமை. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். விளங்காத தாளில் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம்.

கடிதம் இவ்வளவு போதும்:

"எனது கணக்கின் பத்து இலக்கமும் மீட்டரின் இலக்கமும் மேலே உள்ளன. ஏப்ரல் மாத இடி மின்னலுக்குப் பின் எனது மீட்டர் வேகமாக ஓடுகிறது. 1,500 வோட் கேத்தலை மட்டும் போட்டபோது தட்டு 10 சுற்றுச் சுற்ற 22 விநாடி எடுத்தது. மீட்டரில் அச்சிட்டுள்ள அளவின்படி 40 விநாடி எடுத்திருக்க வேண்டும். வீட்டு ஒயரிங்கைச் சோதித்தேன், கசிவு இல்லை. எனவே மீட்டரைச் சோதித்து, பழுதாக இருந்தால் மாற்றித் தரும்படியும், ஏப்ரல் முதல் வந்த பில்களைத் திருத்தித் தரும்படியும், சோதனைக்குக் கட்டணம் வாங்கினால் மீட்டர் பழுது என்று தெரிந்ததும் அதைத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தகவல் அனுப்பும் வசதி இல்லாத சாதாரண டிஜிட்டல் மீட்டரைப் போடும்படி வேண்டுகிறேன். வேறு வகை போடுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறியத் தரவும்."

விநாடிக் கணக்கை உங்கள் சோதனையில் வந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வரிதான் உங்கள் கேள்விக்கான இடம். அதை வேண்டுகோளாகத்தான் எழுத வேண்டும். "ஸ்மார்ட் மீட்டர் போட்டால் விடமாட்டோம்" என்று எழுதினால், மீட்டரை மாற்ற வீட்டுக்காரர் மறுத்தார் என்று பதிந்துவிடுவார்கள். பிறகு கூடின பில்லுக்கு நீங்களே காரணம் என்றாகிவிடும். பில் அப்பாவின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோ இருந்தால், பெயர் மாற்றம் என்ற வேலையை இதோடு கலக்க விடாதீர்கள். மீட்டர் பழுது கணக்கு இலக்கத்துக்கு உரிய வேலை. காணி உறுதி, பேர்ச் கணக்கு, தோட்ட ஒபிஸ் கடிதம் என்று இழுத்தால் மாதக் கணக்கில் போகும். அது தனி வேலையாகப் பிறகு நடக்கட்டும்.

இனி, ஸ்மார்ட் மீட்டரையே கொண்டு வந்தால்? ஊர்ப் பேச்சில் எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கதிர் வீச்சு, தலைவலி, புற்றுநோய் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது அனுப்புவது விட்டு விட்டுப் போகும் சின்னச் சிக்னல். காதில் வைத்துப் பேசும் கைபோன் அதை விட நெருக்கம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை மீட்டர் காட்டிக்கொடுக்கும் என்ற பயம் அர்த்தமில்லாதது அல்ல. அரை மணிக் கணக்கைப் பார்த்தால் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், எப்போது வீட்டில் ஆள் இல்லை என்று ஊகிக்கலாம். இதே காரணத்துக்காக 2009 இல் நெதர்லாந்தின் மேலவை, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு மக்கள் வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தார்கள். நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. என்ன தகவல் எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

தூரத்தில் இருந்து வெட்டுவதும் உண்மையான கவலைதான். இப்போது வெட்ட வருகிறவர் வாசலுக்கு வருகிறார். சம்பளம் வரும் நாளைச் சொல்லி, பாதியைக் கட்டின ரசீதைக் காட்டிப் பேச முடிகிறது. சுவிட்ச் வேறு எங்கோ இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளத்தை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு இது சின்ன விசயம் அல்ல. இதைச் சொல்லிப் பயப்படும் அம்மாக்களை யாரும் படிக்காதவர்கள் என்று தள்ளக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. மீட்டர் பார்க்க ஆள் வராமல் சராசரி பில்லால் தவிக்கும் மேல் டிவிசன்களுக்குத் தானாக வாசிப்பு அனுப்பும் மீட்டர் நன்மை. வோல்ட் குறைவு என்று நாம் வாயால் சொல்வதை அந்த மீட்டரே எழுத்தில் காட்டும். ஆனால் போன் பேசவே மேட்டில் ஏறி நிற்க வேண்டிய பள்ளத்து லயங்களில், போன் கோபுரத்தை நம்பி அனுப்பும் மீட்டர் எப்படி அனுப்பும்? அங்கே அதுவும் ஆள் வந்து பார்க்கும் மீட்டராகத்தான் இருக்கும்.

ஸ்மார்ட் மீட்டர் கூட ஓடும் என்ற பேச்சும் உண்டு. 2017 இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 9 மின்னணு மீட்டர்களைச் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு சேர்ந்த சில வகை பல்புகளைப் போட்டபோது 5 மீட்டர் கூடக் காட்டியது, ஒன்று 582 சதவீதம் வரை. அது கடுமையான சோதனை நிலைமை. நம் வீட்டில் ஒரு பல்பும் ரைஸ் குக்கரும் ஓடும்போது அப்படி நடக்காது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. அந்தப் பிழை வந்தது தகவல் அனுப்பும் பகுதியால் அல்ல, கரண்ட்டை அளக்கும் பகுதியால். ஸ்மார்ட் அல்லாத டிஜிட்டல் மீட்டரிலும் அளக்கும் பகுதி உண்டு. எந்த மீட்டர் வந்தாலும் கேத்தல் சோதனையை முதல் நாளே செய்து எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே ஸ்மார்ட் மீட்டரோடு ஆட்கள் வாசலில் நின்றால், நான் அம்மாவின் இடத்தில் இருந்தால், கடிதத்தின் பிரதியைக் காட்டி, சாதாரண மீட்டர் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பேன். இல்லை என்றால், மேலே பேசிவிட்டுச் சொல்வதற்கு இரண்டு நாள் கேட்பேன். அப்போதும் வேறு வழி இல்லை என்று எழுத்தில் சொன்னால், இரட்டிப்பு யூனிட் எண்ணும் பழைய மீட்டரை வைத்துக்கொண்டிருப்பதை விட அதைப் போட விடுவேன். தகவல், வெட்டும் முறை பற்றிய கேள்விகளைப் பிறகு கடிதத்தில் கேட்பேன்.

மாற்றும் நாளில் வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், அம்மாவால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பழைய மீட்டரின் கடைசி வாசிப்பு, புதியதன் முதல் வாசிப்பு, இரண்டின் இலக்கம், புதியதன் சீல், எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மாற்றின தாளில் ஒரு பிரதி கேளுங்கள். பழைய மீட்டர் சோதனைக்குப் போகிறதா என்றும் கேட்டு எழுதி வையுங்கள். ஹட்டனில் ஒரு கடைக்காரருக்குக் கடைசி வாசிப்பை யாரும் எழுதாமல் மீட்டரைக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு மாதம் கழித்து நூற்றுக்கணக்கான யூனிட் பாக்கி என்று வந்தது. காட்டுவதற்கு அவரிடம் ஒரு போட்டோ கூட இல்லை, முழுவதையும் கட்டினார்.

பழுதான மாதங்களுக்குப் பில் திருத்தும்போது சராசரி எடுப்பார்கள். எந்த மாதங்களின் சராசரி என்பதில்தான் கவனம் வேண்டும். கூடின மாதங்களையே சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை குறையாது. மார்கழி, தைக் குளிரில் தண்ணீர் சுடவைக்கும் மாதங்களை ஆவணியோடு ஒப்பிடவும் முடியாது. போன வருடம் இதே மாதங்களில் வந்த பில்களைத் தேடி எடுத்து, அவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பில்லைச் சாமித் தட்டுக்கு அடியில் சேர்த்து வைக்கும் வழக்கம் அம்மாக்களுக்கு உண்டு, அது இப்போது உதவும். முடிவு வரும் வரை பில்லைக் கட்டாமல் விட வேண்டாம். வழக்கமான அளவையாவது கட்டி, மிச்சம் விசாரணையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். கட்டாமல் விட்டால் வெட்ட ஒரு காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும்.

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நியாயமில்லை என்றால், அடுத்த படி இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, கொழும்பில் இருக்கிறது, மின் பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும். முதலில் டிப்போவுக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரைப் பிரதியை அங்கே கேட்பார்கள். நீங்கள் கொழும்புப் பக்கமே இருப்பதால் அம்மாவின் கையெழுத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இன்னொரு வகை வீடும் நம் தோட்டங்களில் உண்டு. தோட்டத்துக்கு ஒரே பெரிய மீட்டர், காம்பராக்களுக்கு உள் மீட்டர், காசு தோட்ட ஒபிசுக்கு. அங்கே டிப்போவுக்கு எழுதிப் பயனில்லை. உள் மீட்டரை வைத்தவரிடம்தான் கேட்க வேண்டும், கடையில் வாங்கும் சாதாரண மீட்டரே போதும். அம்மாவுக்கு வரும் பில்லில் பத்து இலக்கக் கணக்கு இலக்கம் இருந்தால் நீங்கள் இந்த வகை இல்லை.

மீட்டர் சரியானதும் யூனிட் எவ்வளவு குறையும் என்று ஒரு அளவு மனதில் இருக்கட்டும். இரண்டு பல்பு, டிவி, ரைஸ் குக்கர், சின்னப் பிரிட்ஜ் உள்ள தனி ஆள் வீட்டுக்கு 60 யூனிட்டைத் தாண்ட அதிகக் காரணம் இல்லை. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கும் தண்ணீர் நம் மலையில் இருந்துதான் நாட்டுக்குக் கரண்ட்டாக இறங்குகிறது. அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டு வாழும் ஒரு அம்மா, எரிக்காத யூனிட்டுக்குக் காசு கட்டக் கூடாது.

இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காலை பத்து மணிக்கு மெயின் சோதனையும் கேத்தல் சோதனையும் செய்யுங்கள். மீட்டர் முகப்பில் உள்ள சுற்று எண்ணிக்கை, கேத்தலின் வோட், மூன்று தரம் பிடித்த விநாடிகள், ஏப்ரலுக்கு முந்தின மூன்று பில்களின் யூனிட், இவ்வளவையும் எழுதி அனுப்பினால் கணக்குப் பார்த்து, கடிதத்தில் போட வேண்டிய எண்களை நானே எழுதித் தருகிறேன்.